மூடின குகையில யாரு விளக்கேத்தினது

மாமா: நிறுத்து, நிறுத்து. படத்தைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டு.

மச்சினன்: இது நாலாவது தடவை மாமா. ஹீரோ இன்னும் குகைக்குள்ளயே போகல.

மாமா: போகட்டும். ஆயிரம் வருஷமா மூடிக் கெடந்த குகைங்கறான். உள்ள தீப்பந்தம் எரியுது. யாரு ஏத்தினது?

மச்சினன்: யாரோ ஏத்தினாங்க. நமக்கென்ன...

மாமா: எண்ணெய் யாரு ஊத்தினது?

மச்சினன்: வெளிச்சம் இல்லன்னா எதைப் பாப்பீங்க? டிக்கெட் எடுத்தவன் சும்மா விடுவானா?

மாமா: சரி, காயம் இடது கையில பட்டுச்சு. கட்டு வலது கையில இருக்கு.

மச்சினன்: பதினஞ்சு வருஷமா தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கறேன். ஒருத்தர் வந்து இதைக் கேட்டதில்ல.

மாமா: நீ வாசல்ல நின்னு துண்டு துண்டா பாக்கறவன். உனக்கு ஓட்டை எங்க தெரியும்? நான் இருபது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவன். கிரீஸ் போட்ட கம்பிக் கயித்துல ஒத்தக் கையில தொங்கறானாம்...

மச்சினன்: நீங்க ரெண்டு கையில தொங்கிப் பாத்தீங்களே.

மாமா: பாத்தேன். ரெண்டு மாடி கீழ போயி, முதுகை உடைச்சுக்கிட்டு, ஆறு மாசமா தினம் உன் மூஞ்சியைப் பாக்கறேன்.

மச்சினன்: நாளைலேருந்து வேலைக்குப் போறீங்கல்ல? தொல்லை விட்டுச்சு.

மாமா: என்ன வேலை... உக்காந்து போன் எடுக்கற வேலை. ஆனா நடந்து போறேன், அது போதும். போற வழியில ஆஸ்பத்திரில இறங்கணும். பெரிய டாக்டரைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடணும்.

மச்சினன்: ...எதுக்கு?

மாமா: எதுக்கா? நாப்பதாவது நாள் கால் விரல் அசையும்னு சொன்னாரே. உன்கிட்டதானே சொன்னாரு.

மச்சினன்: அவரு... ரொம்ப பிஸி. ஊர்லயே இல்லன்னு கேள்வி.

மாமா: உங்கக்கா நேத்துதான் அவர்கிட்ட பேசிட்டு வந்தா.

மச்சினன்: தினம் நூறு பேரைப் பாக்கறவரு மாமா. சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்காது.

மாமா: ஞாபகப்படுத்தினா போச்சு. மூணாவது மாடிலேருந்து விழுந்து, நாப்பதாவது நாள் எழுந்த பெயின்டர் கதையும் அவரு சொன்னதுதானே?

மச்சினன்: படத்தைப் போடட்டுமா?

மாமா: இரு. திங்கக்கிழமை பெயின்டரா இருந்தவன், வியாழக்கிழமை நீ மறுபடி சொல்லும்போது கொத்தனார் ஆயிட்டான். மாடியும் அஞ்சாயிடுச்சு.

மச்சினன்: மாமா...

மாமா: டாக்டர் உன்னை வராந்தால கூப்பிட்டுச் சொன்னது ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை அவரு வர்றதே இல்ல.

மச்சினன்: ...சொல்லல மாமா. டாக்டர் அப்படி எதுவும் சொல்லல. முந்தின நாள் அவரு சொன்னது, 'இப்ப எதுவும் சொல்ல முடியாது'ன்னுதான். மறுநாள் உள்ள வந்தா அக்கா தட்டோட நிக்கறா. நீங்க மேல ஃபேனையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கீங்க. மூணு நாளா ஒரு வாய் சாப்பிடல. என்ன செய்யறதுன்னு தெரியாம... வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

மாமா: நாப்பது எங்கேருந்து வந்துச்சு?

மச்சினன்: முப்பது கம்மியா பட்டுச்சு. அம்பதுன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு... கோவமா?

மாமா: அன்னைக்கு நீ சொல்லி முடிச்சதும் தட்டைக் காலி பண்ணேனே, ஞாபகம் இருக்கா?

மச்சினன்: இருக்கு. அப்பவே நம்பிட்டீங்கன்னு...

மாமா: நம்பல. பொய் சொன்னா உனக்கு மூக்கு நுனி வேர்க்கும். அன்னைக்குச் சொட்டிச்சு.

மச்சினன்: தெரிஞ்சுமா... ஒரு படத்தை ஒழுங்கா ஓட விடாத ஆளு, அன்னைக்கு ஏன் ஒரு கேள்வி கேக்கல?

மாமா: விளக்கை யாரு ஏத்தினதுன்னு கேட்டா அணைஞ்சிடும்டா. எனக்கு அந்த வெளிச்சம் வேணும்னு இருந்துச்சு. காலையில எழுந்தா, இன்னைக்குப் பன்னெண்டு, இன்னைக்குப் பதிமூணுன்னு எண்ண ஒண்ணு இருந்துச்சு. அது இல்லன்னா நான் அந்த ஃபேனைப் பாத்துக்கிட்டே போய்ச் சேர்ந்திருப்பேன். கும்பிட வேண்டியது டாக்டரை மட்டும் இல்ல, உன்னையும்தான்.

மச்சினன்: விடுங்க மாமா... என்னென்னமோ பேசறீங்க. ஆனா ஒண்ணு. நான் பொய்யே சொல்லியிருந்தாலும், சொன்ன மாதிரியே நாப்பதாவது நாள் போர்வை அசைஞ்சுதே. என் கண்ணால பாத்தேன். எந்தப் படத்துலயும் இப்படி வராது. தியேட்டர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

மாமா: மறுநாள் டாக்டர் வந்து பாத்தப்ப அசையலையே.

மச்சினன்: அது களைப்பு. நானே அவர்கிட்ட சொன்னேன்.

மாமா: சொன்ன, சொன்ன. நாப்பதாவது நாள் எவ்வளவு நேரம் என் கால்மாட்டுல உக்காந்திருந்த?

மச்சினன்: காலையிலேருந்து. வேலைக்கே போகல. மத்தியானம் ஆச்சு, நாலு மணி ஆச்சு... அழுகையா வந்துச்சு. உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மாமா: தெரிஞ்சுது. உன்னைப் பாக்க சகிக்கல. அதான் நீ மறுபடி இந்தப் பக்கம் திரும்பறப்ப, உள்ள கையை விட்டுப் போர்வையை மெல்ல இழுத்தேன். விரல் நெஜமா அசைஞ்சது நாப்பத்தாறாவது நாள்... அந்த ஆறு நாளும் நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதைக் கேட்டுக் கேட்டு, நானே நம்பிட்டேன்.