மௌன அஞ்சலியும் பக்கத்து ஹோல் பாட்டும்

...மௌன அஞ்சலி, மாஸ்டர்! ரண்டே ரண்டு நிமிஷம்! அதைக்கூட நிம்மதியாச் செய்ய ஏலாமக் கிடக்கு. நாங்கள் இங்காலை தலையைக் குனிஞ்சு நிக்கிறம், அங்காலை டும்டும் டும்டும் எண்டு சுவரே அதிருது. போன கிழமை எங்கடை தலைவர் தியாகராஜா கண்ணை மூடிக்கொண்டு நிண்டவர். கண் மூடித்தான் கிடந்தது, கால் தாளம் போட்டது! நான் கண்டனான். செயலாளர் எண்டா எல்லாம் காண வேணும்தானே... இருங்கோ, இருங்கோ. அந்தக் கதிரை ஆடும், இதிலை இருங்கோ. நீங்கள் இண்டைக்குத்தானே முதல்முதல் வாறியள்? லண்டனிலை, வெம்பிளியிலை மகளோடையோ? ஓம், நாங்களும் அப்பிடித்தான்.

சத்தம் போடுறது ஆர் எண்டோ? உந்த ஜமேக்காக் கிழடுகள்தான். அவையளுக்கும் பென்ஷன்காரற்றை கிளப் ஒண்டு, எங்களைப் போலை புதன்கிழமைதான் கூடுறது. பெரிய ஹோல் அவைக்கு, இந்தக் குச்சறை எங்களுக்கு. கேட்டா, இந்தக் கட்டிடத்துக்காகக் கவுன்சிலோடை வருஷக்கணக்கா மல்லுக்கட்டினது தாங்களாம். மல்லுக்கட்டிக் கட்டிப்போட்டு, இப்ப ஆட்டம் போட்டே இடிக்கப் போகினம்.

வேர்ணன் எண்டு ஒரு மனுசன். பஸ் ஓடி றிட்டயர் பண்ணினவராம். அலுமாரி மாதிரி ஸ்பீக்கர் வைச்சிருக்கிறார், பலகை அறுத்துத் தானே செய்தவராம். ஹார்ட் ஒப்பரேஷன் செய்த ஆள், மாஸ்டர்! ஒரு ரெக்கோட்டைப் போட்டிட்டு, நடு ஹோலிலை நிண்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவார் பாருங்கோ... எனக்கு இஞ்சை நெஞ்சு இடிக்கும். மற்றது மேர்ட்டில் எண்டு ஒரு மனுசி, ஆஸ்பத்திரியிலை நேர்ஸா இருந்தவ. முழங்கால் மாத்தினவ. தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு சேர்ச்சுக்கு வாற மாதிரித்தான் வருவா. வந்து? ஆட்டம்! புருஷன் செத்து வருஷம் திரும்பேல்லை. எங்கடை ஊரிலை எண்டா வீட்டுப் படலை தாண்டுவாவோ?

அவையின்ர செத்தவீட்டைக் கேட்டியள் எண்டா! ஒன்பது நாள் பாட்டாம். றம்மாம், மீன் பொரியலாம், டொமினோ விளையாட்டாம். செத்த ஆளைப் பற்றி ஒவ்வொருத்தரா எழும்பிக் கதை சொல்லுறது, எல்லாரும் சிரிக்கிறது, பிறகு பாடுறது. செத்தவீட்டிலை சிரிப்பு! நாங்கள் முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியுமட்டும் ரேடியோவைத் துணியாலை மூடி வைக்கிற சனம். பக்கத்து வீட்டுக்காரன்கூடப் பாட்டுப் போடமாட்டான்.

எங்கடை கூட்டத்தைப் பாருங்கோ, எவ்வளவு ஒழுங்கு. விளக்கேத்தல், தேவாரம், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை. ஓம், வரவேற்புரையிலையே அரைவாசிப்பேர் நித்திரைதான்... ஆனா சத்தமில்லாமல் நித்திரை கொள்ளுவினம், அதைச் சொல்லத்தான் வேணும். சவிரிமுத்தர் மட்டும் தலைமையுரை தொடங்கினவுடனை எழும்பிப் போடுவார். சலரோகமாம், அடிக்கடி ஒண்டுக்குப் போக வேணுமாம். சலரோகக்காரன் போனா வேர்த்து ஒழுகிக்கொண்டே திரும்பி வாறது? உதெல்லாம் எனக்கு விளங்காதோ?

அது ஆற்றை கதிரை எண்டு பாக்கிறியளோ? பொம்பிளையளின்ர பக்கம், கரையிலை... அது என்ர மனுசியின்ர. கனகாம்பிகை.

ஓம். அங்காலைதான் நிக்கிறா.

நான்தான் அனுப்பினனான். ஆரைக் குறை சொல்ல? சத்தத்தைக் குறையுங்கோ, ஊர்ச் சண்டையிலை செத்த பிள்ளையளுக்கு இஞ்சை அஞ்சலி நடக்குது எண்டு சொல்லிப்போட்டு வா எண்டன். நானே போயிருக்கலாம்தான். செயலாளர் போய்க் கெஞ்சுறதோ? இவவும் வீட்டிலை வாயே திறக்காமக் கிடக்கிறா, ஒரு வசனமாவது கதைக்கட்டும் எண்டு நினைச்சன். போனவ, கூட்டம் முடியுமட்டும் வரேல்லை. மேர்ட்டில் கேட்டாவாம், எந்தப் பிள்ளை, உன்ர பிள்ளையோ எண்டு. அவ்வளவுதான். அண்டையிலையிருந்து புதன் வந்தா, கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முதல் வாசல்லை நிக்கிறா!

எங்களுக்கு ஒரு பெடியன் இருந்தவன், மாஸ்டர். கோபாலகிருஷ்ணன். எண்பத்தேழிலை பாண் வாங்கப் போனவன். ஷெல் விழுந்து... சரி, விடுங்கோ. ஆற்றை வீட்டிலைதான் உந்தச் சாவு இல்லை. இண்டைக்கு அவன்ர திவசம். நான் எல்லாம் முறையாத்தான் செய்தனான். காலமை ஐயரைக் கூப்பிட்டுக் காரியம் முடிச்சு, பின்னேரம் இஞ்சை அஞ்சலியிலை அவன்ர பேரையும் வாசிக்கச் சொல்லி ஒழுங்குபடுத்தி வைச்சிருக்கிறன். இவ என்ன செய்தா? படைச்ச சோறு கறியைக் கட்டிக்கொண்டு அந்தச் சனத்திட்டைப் போட்டா! அவையள் அவனுக்காகப் பாடப் போகினமாம். அவனை அங்கை ஆருக்குத் தெரியும்? வேர்ணன் கண்டவரோ அவனை? கூத்தாடுறதுக்கு என்ர பிள்ளைதானோ கிடைச்சவன்?

ஓ... பாட்டு நிண்டிட்டுது. பாத்தியளே, இண்டைக்காவது புத்தி வந்திருக்கு. தியாகராஜாவும் எழும்புறார். எழும்புங்கோ மாஸ்டர், கூட்டம் தொடங்கப் போகுது...

மைக்கை ஆரோ தட்டுறாங்கள்... உது ஆர்?

இவவின்ர குரலெல்லோ!

மைக்கிலை! இங்கிலீசிலை! வருஷக்கணக்கா எனக்கு முன்னாலை தேத்தண்ணிக் கோப்பையை வைக்கேக்கைகூட ஒரு சொல்லுச் சொல்லாதவ... பொறுங்கோ, பொறுங்கோ, என்ன சொல்லுறா? சைக்கிள்... ஓ, அந்தக் கதை. அவனைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனனான். பால்மா ரின்னை மடியிலை வைச்சு மேளம் அடிச்சுக்கொண்டு வந்தவன். அடியெண்டா அடி, உந்த வேர்ணன் தோத்துப்போவார்! அதுக்கு ஒரு நாம்பன் மாடு வெருண்டு ரோட்டுக்குக் குறுக்கை பாய்ஞ்சு...

கேட்டியளே சிரிப்பை? முழு ஹோலும் சிரிக்குது! நான் வாய்க்காலுக்கை விழுந்தனானாம்!

நான் விழேல்லை, மாஸ்டர். விழப் பாத்தனான், உண்மைதான். அவன்தான் குதிச்சு இறங்கி என்ர சேட்டைப் பிடிச்சவன். பத்து வயசும் இராது. சேட்டு முதுகாலை கிழிஞ்சுது, அவன் பிடியை விடேல்லை. "பயப்பிடாதேங்கோ அப்பா, நான் பிடிச்சிருக்கிறன்" எண்டவன். வீட்டை வந்து, வாய்க்காலுக்கை விழுந்து சேட்டுக் கிழிஞ்சது எண்டுதான் சொன்னனான், மற்றதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை... தகப்பனைப் பெடியன் தூக்கினது எண்டு எப்பிடிச் சொல்லுறது? இவ வீட்டிலை நிண்டவ, இவவுக்கு என்ன தெரியும்? பிள்ளை பிடிச்சதை விட்டிட்டு, நான் விழுந்ததெண்டு பாட்டுக் கட்டப் போகுதுகள்!

தலைவரிட்டைச் சொல்லுங்கோ மாஸ்டர், நன்றியுரையை வேற ஆரும் செய்யட்டும். வழியை விடுங்கோ. மைக்கை ஆரும் வாங்க முதல் நான் போக வேணும்.