கதவில் ஒரு கோடு

— கதவைத் தொறங்க சார். தட்டித் தட்டிக் கை வலிக்குது.

— தொறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தாம்மா. காய்ச்சல் வீட்டுக் கதவைத் தட்டு. உள்ளேருந்து பதில் வந்தா சாக்பீஸ்ல ஒரு கோடு போடு. நகரு. என் துணை அதிகாரிக்கே நான் பாடம் எடுக்கணுமா?

— பாடம் தெரியும் சார். உங்க கதவுலயும் தினம் கோடு போட்டுட்டுத்தான் போறாங்க.

— பாத்தியா. எலிப்பொறி வைக்கிற வேலையில சேந்தவன், இந்த ஊர் சுகாதாரத் துறைக்கே தலைவன் ஆனேன்னா அந்த ஒரு கோட்டாலதான். நம்ம ஆளுங்க யாருக்கும் காய்ச்சல் ஒட்டல. சரிதானே?

— உங்களுக்கு ஒட்டிச்சே.

— அது ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போய் மூக்கை நுழைச்சதுக்குக் கிடைச்ச கூலி. பாத்துக்கலாம். வந்த விஷயத்தைச் சொல்லு.

— தையல்காரர் வீட்டைத் தொறந்துட்டோம்.

— யாரைக் கேட்டு?

— நாத்தம் தாங்கலன்னு பக்கத்து வீட்டுல அழுதாங்க சார். மனுஷன் மிஷின் மேலயே கவுந்து கிடந்தார். செத்து ரொம்ப நாளாச்சுங்கறார் டாக்டர்.

— நம்ம பசங்க தட்டாமலே கோடு போட்டிருப்பானுங்க. உடம்பு வணங்காதவனுங்க.

— நானும் அப்படித்தான் திட்டினேன். ஆனா நேத்து அந்தக் கதவைத் தட்டினதே நான்தான் சார். "நல்லா இருக்கேன், அடுத்த வீட்டுக்குப் போங்க"ன்னு தெளிவாச் சொன்னார். என் கையாலதான் கோடு போட்டேன்.

— வேற யாராவது பேசியிருப்பாங்க.

— அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து என் துணியெல்லாம் தச்சவர்.

— மத்த வீடுங்க?

— அப்புறம் வரிசையாத் தொறந்தோம். அந்தத் தெருவுல பாதி வீடு அப்படித்தான். தட்டினப்போ எல்லாரும் அதையேதான் சொல்லியிருக்காங்க. செத்தது அவங்களுக்கே தெரியல போல சார்.

— அப்போ என் சட்டம் தப்பு.

— மத்த தெருவுல உயிரோட இருக்கறவங்களும் எழுந்து தண்ணி குடிக்க முடியாமக் கிடப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் கதவைத் தொறக்க முடியும்.

— தொற. எல்லாத்தையும் தொற. மூஞ்சியைப் பாக்காம இனி ஒருத்தனும் கோடு போடக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு.

— சரி சார். முதல்ல உங்க கதவு.

— என்னோடது எதுக்கு?

— உபதேசம் ஊருக்கு மட்டும்தானா? வாசல்ல வச்ச சாப்பாடெல்லாம் அப்படியே இருக்கு. எறும்பு மொய்க்குது.

— பசியே இல்லம்மா. எழுந்துக்கத்தான் சோம்பலா இருக்கு.

— எனக்குப் பயமா இருக்கு சார். ஒரு தடவை ஜன்னல் பக்கமாவது வாங்க.

— பைத்தியம். நீ போய் வேலையைப் பாரு.

— சார்... ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கப் போறேன்.

— எதுக்கு? நான் நல்லா இருக்கேன். அடுத்த வீட்டுக்குப் போங்க.