பாசேக் காசுக்கு ஒரே சாட்சி

காப்பிக்கு நன்றி ஐயா. துணி வடிகட்டியை உயரத் தூக்கி ஆற்றியிருக்கிறார்கள், நுரையைப் பார்த்தாலே தெரிகிறது. நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம். காசைப் பற்றித் தெரியாதவருக்கு நான் செய்தது புரியாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மேசைமேல் வைத்த காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தளவுதான். பல நூறு வருடங்களுக்கு முன் இந்தக் கரையை ஆண்ட பாசே சுல்தான்கள் அடித்த பொன்காசு. போலி என்றதும் பித்தளைக்கு முலாம் பூசியது என்று நினைப்பீர்கள். அப்படி இருந்தால் பழங்காசு வாங்கி விற்கும் எங்கள் தொழில் சுலபம். இப்போதைய ஆட்கள் உடைந்த பழைய வளையலையும் சங்கிலியையும் உருக்கி, அதே மாற்றுத் தங்கத்தில் வார்க்கிறார்கள். உரைகல் தங்கமா என்று சொல்லும். எந்தக் காலத்துக் காசு என்று சொல்லாது.

ஆகவே, எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கவேண்டும். அந்தக் காலத்தில் தகட்டை அச்சுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். அடிபட்ட பொன் எழுத்தைச் சுற்றி விலகி ஓடும். ஓடிய தடம் மெல்லிய கோடுகளாக நிற்கும், லென்ஸில் தெரியும். வார்த்த காசில் அந்த ஓட்டம் இருக்காது. எழுத்தின் ஓரம் குளியலறைச் சோப்புப் போல மழுங்கியிருக்கும். விளிம்பில் ஊசி குத்தியது போலக் குழிகள். கெட்டிக்காரன் அதையும் அரம் வைத்து மறைத்துவிடுவான். ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. ஒவ்வொரு காசும் புழங்கும்போது தனக்கென்று ஒரு கீறல் வாங்கியிருக்கும். அதே கீறல் இரண்டு காசுகளில் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை.

இதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் மகன் கல்யாணத்தில் நானே மறந்தேன்.

மகன் பெயர் தாஜுல். பெண் ஸஹ்ரா. பெண்ணின் தகப்பனார் ஹாஜி முக்லிஸ், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹராக வெறும் தங்கம் வேண்டாம், தங்கள் குடும்ப வழக்கப்படி அதில் பாசேக் காசுகள் இருக்கவேண்டும் என்றார். ஆற்றுமுகத்துச் சேற்றில் சிப்பி பொறுக்கும் பெண்களுக்குப் பழங்காசும் கிடைக்கும்; அவர்களிடம் அவ்வப்போது ஒவ்வொன்றாக வாங்கினேன். ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்தேன். சேற்றிலிருந்து வந்தது என்பதால் மனம் பாதி நம்பிவிட்டது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஹாஜி வைத்துப் பார்த்தார். நிக்காஹ் சபையில், காஜியார் முன்னால், வெள்ளைத் துணியில் பரப்பினார். மூன்று காசுகளில் சுல்தானின் பெயருக்கு மேலே ஒரே கீறல்.

"ஜைலானி, ஊருக்கெல்லாம் கண்ணு நீதான்னு சொல்லுவாங்க," என்றார் அவர். "கண்ணு தெரியாமக் குடுத்தியா, தெரிஞ்சே குடுத்தியா? ரெண்டுல எதைச் சொன்னாலும் என் பொண்ண உன் வீட்டுக்கு அனுப்ப முடியாது."

யாரோ சிரித்தார்கள். தாஜுல் சிரிக்கவில்லை. அன்றே மேடான் நகரத்துக்குப் பேருந்து ஏறிவிட்டான். ஒரு முறைதான் தொலைபேசியில் பேசினான். "அவ இல்லாம நான் ஊருக்கு வரமாட்டேன் வாப்பா. தேடாதீங்க," என்றான். அவன் அம்மா இறந்தபின் அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே குரல் அது. நான் ஹாஜியின் வாசலில் போய் உட்கார்ந்தேன். அவர் மனம் இரங்கி, "நோன்பு பிறக்கறதுக்குள்ள ஒரே ஒரு நெசக் காசு கொண்டா. எங்கேருந்து வந்ததுன்னு சாட்சியோட கொண்டா," என்றார்.

கமாரியாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிப்பி விற்கும் விதவை, வாய் ஓயாதவள். கீறல் காசுகளில் ஒன்று அவளிடம் வாங்கியதுதான். கேட்டதற்குச் சிரித்தாள்.

"சேத்துல கெடந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். சேறு பொய் சொன்னா நான் என்னண்ணே பண்றது?"

அவள் சொன்னது உண்மை. போலிக்காரர்கள் காசைச் சேற்றிலேயே புதைத்துவைத்து, பொறுக்குகிறவர்கள் கையாலேயே எங்களுக்கு விற்கவைக்கிறார்கள். அப்படியானால் யாரும் புதைக்கப் போகாத இடத்திலிருந்து, என் கண்முன்னால் வரவேண்டும். கடல் பொங்கியபோது அமிழ்ந்த பழைய கல்லறைகளுக்கு அப்பால் அப்படி ஓர் இடம் இருக்கிறது. சேறு ஆளை விழுங்கும்.

"அங்கயா? நண்டே அங்க சாவுக் கலிமா சொல்லிட்டுத்தான் எறங்கும்," என்றாள் கமாரியா. தாஜுலைப் பற்றிச் சொன்னேன். கூடையைக் கீழே வைத்தாள். "புள்ளைக்காகச் சொல்றீங்க. வரேன். கல்யாணத்துல எனக்கு மாட்டுக் கறி ரெண்டு தட்டு."

காலையில் நீர் வற்றியதும் என் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு போனோம். நான் படகிலேயே இருந்தேன். அவள் முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு இறங்கி, பாதத்தால் தடவித் தடவி நடந்தாள். அவர்கள் தேடுவது அப்படித்தான், கண்ணால் அல்ல. வெகுநேரம் ஓட்டுச்சில்லும் சிப்பியும்தான் வந்தன. நீர் ஏறத் தொடங்கியபோது, "போதும்ணே, தண்ணி திரும்புது," என்றாள். இன்னும் சற்று என்றேன். இடுப்புவரை சேற்றில் நின்று குனிந்தாள், நிமிர்ந்தாள். சிரித்தாள். கையை நீட்டினாள்.

"இதப் பாருங்க. இது பொய் சொல்லாது."

அந்தக் காசுதான் இது.

வாங்கிக்கொண்டேன். அவள் காலை எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. "கையக் குடுங்கண்ணே, கால் மாட்டிக்கிச்சு," என்றாள். வாங்குகிறவனை அவசரப்படுத்துவது போலிக்காரனின் பழைய வித்தை ஐயா. கப்பல் புறப்படுகிறது, பிள்ளைக்கு நோவு என்பார்கள். அதனால் நான் அவசரப்படவில்லை. காசைக் கழுவி லென்ஸை வைத்தேன். எழுத்தைச் சுற்றிப் பொன் ஓடிய தடம், சூரியக் கதிர் போல. விளிம்பில் குழி இல்லை. கையோடு கொண்டுபோயிருந்த நல்ல காசுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீறல் தனிக் கீறல்.

"அண்ணே, நெஞ்சுக்கு வந்துடுச்சு. அந்தக் கழிய நீட்டுங்க."

அப்போது எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். காசு நிஜம் என்று தெரிந்துவிட்டது. நான் யோசித்தது வேறு. இவள் கரையேறி வந்து சாட்சி சொன்னால் ஹாஜி என்ன சொல்வார்? முன்பு போலியைக் கொடுத்த அதே கை என்பார். மறுபடியும் வெள்ளைத் துணியை விரிப்பார். ஆனால் பொய்க் காசுக்காக யாரும் சாவதில்லை. ஒருத்தி உயிரைக் கொடுத்து எடுத்த காசை எந்தத் தகப்பனும் திருப்பி அனுப்ப முடியாது.

கழி என் காலடியில்தான் கிடந்தது. எடுக்க ஒரு கை போதும். நான் எடுக்கவில்லை. அவள் பிறகு என்னைக் கூப்பிடவில்லை, அல்லாவைக் கூப்பிட்டாள். நான் காசைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் கூடை மட்டும் கல்லறைப் பக்கமாக மிதந்து போனது.

என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். கால் தவறிவிட்டாள் என்று ஊர் பேசுகிறது. பின்னே ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். ஹாஜி கேட்டது காசும் சாட்சியும். பார்த்தவர்கள் இருவர், இப்போது நான் ஒருவன். என் வாய்ச்சொல்லை அவர் நம்பமாட்டார். இங்கே காவல் நிலையத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நம்புவார். நாளை மறுநாள் நோன்பு பிறக்கிறது, அதற்குள் தாஜுலுக்கும் ஆள் அனுப்பிவிடலாம்.

நீங்கள் எழுதிய வரைக்கும் சரிதான். இடம், காசு வந்த விதம், அவள் பெயர், நான் கழியை எடுக்காதது, எல்லாம் இருக்கிறது. இன்னொரு பிரதி எடுத்து ஹாஜிக்குக் கொடுங்கள். முத்திரை தெளிவாக விழட்டும் ஐயா. மங்கலாக இருந்தால் போலி என்று நினைத்துவிடுவார்.