கழுத்தில் பட்ட காற்று

"சுவிட்சைத் தட்டுங்க மனோங், தட்டுங்க" என்று கத்திக்கொண்டே வில்மா என்னை நோக்கி ஓடி வந்தபோது எனக்கு மூக்கு அரித்தது. இடது கையில் ரிமோட் இருந்ததால் வலது கையால் சொறிந்துகொண்டேன். வீடியோவில் அது தெளிவாகத் தெரிகிறது என்கிறீர்கள், மேடம். தெரியட்டும். மூக்கு அரித்தால் யாரும் சொறியத்தான் செய்வார்கள்.

அந்த நேரத்தில் ரெனான்தேயின் விமானம் தரையைத் தொட்டுவிட்டிருந்தது. ஓடுதளத்தின் மறுகோடியில், வெள்ளைக் கோட்டின்மேல், விமானத்துக்கு முதுகைக் காட்டியபடி ரெனான்தே நின்றுகொண்டிருந்தான். விமானம் வந்த வேகம் நிற்கிற வேகம் அல்ல. என் இடது கட்டைவிரலுக்குக் கீழே சிவப்பு சுவிட்ச் இருந்தது. தட்டியிருந்தால் விமானம் பக்கவாட்டில் திரும்பிக் கரும்புக்குள் பாய்ந்திருக்கும். அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நீங்கள் மணிலாவிலிருந்து விசாரணைக்கு வந்தவர். எங்கள் போட்டி உங்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். நான் தண்ணீர் கேன் கடைக்காரன், வயதில் மூத்த அண்ணன் என்பதால் எல்லோருக்கும் மனோங், ரெனான்தே மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்றவன், வில்மாவுக்கு பேக்கரி. ஞாயிற்றுக்கிழமையானால் எல்லோரும் இந்தக் கரும்புத் தோட்டத்துப் பழைய ஓடுதளத்துக்கு வந்துவிடுவோம். வருடத்துக்கு ஒரு தடவை போட்டி. நாங்களே கட்டிய ட்ரோன் விமானம், ஆளுயரத்தைவிட நீளமான இறக்கை, மூக்கில் பெட்ரோல் இன்ஜின், வயிற்றில் மணல் மூட்டை. அது தானாக எழும்ப வேண்டும், தானாக ஒரு சுற்று வர வேண்டும், தானாக இறங்கி நிற்க வேண்டும். சொந்தக்காரன் கை வைக்கக் கூடாது.

அவன் தன் விமானத்தை நம்புகிறான் என்பதற்கு என்ன சாட்சி? அதற்குத்தான் வெள்ளைக் கோடு. விமானம் வானத்தில் சுற்றும்போது அவன் நடந்து போய்க் கோட்டில் நிற்பான், முதுகைத் திருப்பிக்கொண்டு. குதிகாலுக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறதோ அவ்வளவு மதிப்பெண். வில்மா டேப் வைத்து அளப்பாள்.

ஆபத்துக்கு ஒரு சுவிட்ச் உண்டு. அது போட்டியாளன் ஒருவன் கையில் இருக்கும். காரணமில்லாமல் தட்டினால் எதிராளியின் சுற்று ரத்தாகும், தட்டியவன் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. இன்னொன்று. முதுகைக் காட்டி நிற்பவனுக்குக் கம்பத்தில் பறக்கும் காற்றுத்துணி தெரியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சுவிட்ச் பிடித்தவன்தான் வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். மணல் எடையில் ஏமாற்றுவோம். வில்மாவுக்குச் சுட்ட கோழி வாங்கிக் கொடுத்து ஒரு விரற்கடை குறைத்து அளக்கச் சொல்வோம். காற்றைப் பற்றி மட்டும் யாரும் பொய் சொன்னதில்லை. அதனால்தான் அது பலித்தது.

போன வருடம் கோட்டில் நின்றவன் நான். என் சுவிட்ச் ரெனான்தே கையில். பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது, அப்புறம் கரும்பு முறிகிற சத்தம். அவன் தட்டிவிட்டான். திரும்பிப் பார்த்தால் என் விமானம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, அவன் முகம் வெளுத்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறான். அதுவரைக்கும் பரவாயில்லை.

அன்று சாயங்காலம் வில்மா ஒரு கேக் கொண்டுவந்து வைத்தாள். ஒரே ஒரு மெழுகுவத்தி.

"மனோங்குக்கு இன்னைக்குத்தான் முதல் பொறந்தநாள்" என்றாள்.

"பெத்தது யாரு?" என்று ஒருவன்.

"வேற யாரு, ரெனான்தேதான். அப்பா கையில கேக்கைக் குடுங்கப்பா, புள்ளைக்கு ஊட்டி விடட்டும்."

எனக்கு அறுபது நெருங்குகிறது, மேடம். ரெனான்தேக்கு என் மகன் வயது, தம்பி என்கிற மாதிரி 'தோத்தோ' என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். கேக் நன்றாகவே இருந்தது. அதன் பிறகு அவன் எப்போது ஓடுதளத்துக்கு வந்தாலும், "உங்கப்பா வந்துட்டாரு மனோங், எந்திரிச்சு நில்லுங்க" என்பார்கள். தண்ணீர் கேன் வாங்க வந்தவர்கள்கூட அப்பா சௌக்கியமா என்று விசாரித்தார்கள்.

ரெனான்தே அவர்களைத் திட்டினான். என் வீட்டுக்கே வந்து, நான் அவன் இடத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று சமாதானம் சொன்னான். ஆமாம் என்றேன். அந்த விமானம் ஒரு சாண் முன்னாலேயே நின்றிருக்கும் என்று நான் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்காமல் தலையாட்டினான். சிரித்திருக்கலாம்.

இந்த வருடம் அவன் சுவிட்சைப் பிடிக்கச் சீட்டுக் குலுக்கலில் வந்தது வேறு ஆளின் பெயர். ரெனான்தே ஒத்துக்கொள்ளவில்லை. "என் சுவிட்சை மனோங்தான் பிடிக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி ரிமோட்டை என் கையில் வைத்தான். வில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வாங்கிக்கொண்டேன்.

காலையிலிருந்து கடல் காற்று. கோட்டில் நிற்பவனுக்கு முகத்தில் அடிக்கும் காற்று, விமானத்தைப் பிடித்து நிறுத்தும் காற்று. அவன் விமானம் அழகாக எழும்பியது. என்னுடையதைவிட நன்றாக என்றே சொல்வேன். அது சர்க்கரை ஆலைப் புகைபோக்கியைச் சுற்றித் திரும்பும்போது காற்றுத்துணி தொங்கிவிட்டது. பிறகு மெல்ல எதிர்ப்பக்கம் நிமிர்ந்தது. மலைக் காற்று. விமானத்தை முதுகில் கைவைத்துத் தள்ளுகிற காற்று அது. பிரேக் தாங்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்மா டேப்பின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வாக்கி டாக்கியில் அவன் குரல் வந்தது. "மனோங், கழுத்துல காத்து படுது. திரும்பிடுச்சா?"

துணியைப் பார்த்தேன். அது நேராக அவனைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இல்லடா தோத்தோ. ரோட்டுல கரும்பு லாரி போகுது, அந்தக் காத்து. துணி அப்படியேதான் இருக்கு."

"சரி மனோங். நீங்க பாத்தா போதும்."

அவன் திரும்பவில்லை. வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு காலைக் கொஞ்சம் அகட்டி நின்றான்.

அன்று ஆலைக்கு விடுமுறை, ஒரு லாரியும் ஓடவில்லை. அதை நீங்கள் விசாரித்தால் தெரிந்துவிடும். அவனுக்கும் அது தெரிந்த விஷயம்தான். ஆனால் சொன்னது நான்.

மிச்சம் வீடியோவில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் நகரத்தைத் தொடுவதற்குள் போய்விட்டான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தட்டியும் விமானம் கேக்கலையா மனோங்?" என்றாள். கேட்கவில்லை என்றேன். என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள், பெரியவர்களுக்குச் செய்வதுபோல. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு பதில் எதற்கு?

கேலி பொறுக்காமல் செய்தேனா என்று கேட்கிறீர்கள். ஒரு கேக் துண்டுக்காக ஆளைக் கொல்கிறவன் இல்லை நான். உள்ளதைச் சொல்கிறேன். போன வருடப் போட்டி முடிந்ததும் அதே விமானத்தை மறுபடி கட்டினேன். அதே இன்ஜின், அதே மணல். வேலை நாட்களில் விடியற்காலையில் தனியாக ஓடுதளத்துக்குப் போவேன். நான் நின்ற இடத்தில் ஒரு மூங்கிலை நட்டு, அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையை அதில் மாட்டுவேன். அதே கடல் காற்றுக்குக் காத்திருந்து விமானத்தை இறக்குவேன். ஒரே ஒரு தடவை அது முன்னால் நின்றால் போதும். ரெனான்தேயைக் கூட்டி வந்து காட்டி, 'பார்த்தாயா, நீ யாருக்கும் உயிர் கொடுக்கவில்லை' என்று சொல்லியிருப்பேன். ஆளுக்கு ஒரு பீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இவ்வளவெல்லாம் ஆகியிருக்காது.

மணலைக் குறைத்துப் பார்த்தேன். புது பிரேக் போட்டுப் பார்த்தேன். மழைக்காலம் வரும்வரை விடாமல் போனேன்.

விமானம் ஒருநாள்கூட மூங்கிலுக்கு முன்னால் நிற்கவில்லை, மேடம். ஒவ்வொரு முறையும் என் சட்டையைக் கிழித்துக்கொண்டுதான் போனது.