ஒருக்காக் கேட்டாப் போதும்

ஸுஹைறா: ...சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க ராத்தா. இப்பிடித் தரையில இரிங்க.

பஸ்மிலா: பொலிஸ் உடுப்போட தரையிலயா? நல்ல கூத்து...

ஸுஹைறா: நாளைக்கு அந்த உடுப்பும் இல்ல. ஊட்டு உடுப்போட வாறன் எண்டு சொன்னீங்க.

பஸ்மிலா: சொன்னன்தான்... ம்ம். சீமெந்து நல்ல குளிரா இரிக்கி. கடல் உள்ளுக்க வந்த மாதிரிச் சத்தம்.

ஸுஹைறா: ஜன்னலத் துறந்தா அப்பிடித்தான். சுவரு நீலமும் சேந்து... ஒரு மாதிரி மெதக்கிற மாதிரி இல்லியா?

பஸ்மிலா: நித்திர வருகுது எண்டு சொல்லுங்க மிஸ். பகல் சோத்துக்குப் பொறகு பிரதேச செயலகத்தில எல்லாருக்கும் மெதக்கிறதுதானே வேல.

ஸுஹைறா: பொலிஸ்ல மட்டும் முழிப்பாக்கும்! மேல பாருங்க. அந்தச் சின்னக் கறுப்பு... அதான் கமரா.

பஸ்மிலா: அல்லாஹ்! இப்ப ஓடுதா?

ஸுஹைறா: இல்ல, நாளைக்குத்தான். டொக்டரும் நன்னடத்தை மிஸ்ஸும் பக்கத்து அறையில ரீவியில பாப்பாங்க. இஞ்ச நீங்களும் அந்தப் புள்ளயும் மட்டும். நடந்ததச் சொல்லும், பதிவாகும். ஒருக்காக் கேட்டாப் போதும்.

பஸ்மிலா: அதுதான் எனக்கு விளங்கல்ல. நாங்க ஸ்டேஷன்ல தனியா வாக்குமூலம் எழுதத்தானே வேணும்?

ஸுஹைறா: வேணாம் எண்டுதான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரி ஒப்பம் வெச்சிட்டு. நன்னடத்தையும் வெச்சிட்டு. உங்கட பெரியவரக் கேட்டா, 'புள்ளைகள்ற கேஸெல்லாம் பஸ்மிலாதான், அவ சரியெண்டா சரி' எண்டுட்டார்.

பஸ்மிலா: அவருக்கென்ன... இருபத்தாறு வருசம் தங்கச்சி. வழக்கில ஒரு ஓட்ட விழுந்தா என்னயத்தான் ஏசுவாங்க.

ஸுஹைறா: சரி, ஒரு வெள்ளோட்டம் பாப்பம். நான்தான் நாளைக்கு வாற ஒம்பது வயசுப் புள்ள. நீங்க கேளுங்க.

பஸ்மிலா: முப்பது வயசுக் குமருக்கு ஒம்பது வயசு! நல்லாத்தான் இரிக்கும்...

ஸுஹைறா: கேளுங்ககா.

பஸ்மிலா: சரி, சரி... மகள், உங்கட பேரென்ன?

ஸுஹைறா: எல்லாரும் முதல்ல பேரத்தான் கேட்டாங்க.

பஸ்மிலா: எல்லாரும் எண்டா?

ஸுஹைறா: ஸ்கூல்ல அதிபர். மறுகா கிராம சேவகர். மறுகா ஆஸ்பத்திரியில ரெண்டு பேர். ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இரிந்து சொன்னன். சொல்லச் சொல்ல... அது வேற ஆருக்கோ நடந்த மாதிரிப் போயிட்டு. நான் மேல எங்கயோ இரிந்து கேட்டுக்கிட்டு இரிந்த மாதிரி.

பஸ்மிலா: நாளைக்கு வாற புள்ள டீச்சருக்கு மட்டுந்தானே சொல்லியிரிக்கி... நல்லா நடிக்கிறீங்க தங்கச்சி.

ஸுஹைறா: நிப்பாட்டாதீங்க ராத்தா.

பஸ்மிலா: ...அஞ்சாவதா ஆருக்குச் சொன்னீங்க?

ஸுஹைறா: பொலிஸில. மேச எனக்குக் கழுத்தளவு. உம்மா வெளிய வாங்கில குந்திக்கிட்டு. நோன்பு மாசம்... நான் முத முதல் புடிச்ச நோன்பு. கண்ணக் கட்டிக்கிட்டு வருகுது. ஃபேன் சுத்துறதப் பாத்தா அறையே சுத்துது. எழுதுற மிஸ் சொன்னா, 'முதல்ல இரிந்து சொல்லு' எண்டு.

பஸ்மிலா: சொன்னீங்களா?

ஸுஹைறா: 'ஒண்டும் நடக்கல்ல' எண்டன். அப்பிடிச் சொன்னா ஊட்ட உடுவாங்க எண்டு நினைச்சன். உட்டுட்டாங்க. நோன்பு துறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேந்திட்டன். கஞ்சியக் குடிச்சிட்டு நல்ல நித்திர. அந்தக் கிழமையே அவன் எங்கட ஒழுங்கையால சைக்கிள்ல போனான்... பெல் அடிச்சிக்கிட்டு.

பஸ்மிலா: யா அல்லாஹ்...

ஸுஹைறா: இது நடிப்பில்ல ராத்தா. அதுக்குப் பொறகு நான் ஆருக்கும் வாய் துறந்ததில்ல. நாளைக்கு அந்தப் புள்ள உண்மையத்தான் சொல்லும். அதுக்குப் பொறகு நீங்க ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கேட்டா, அதுவும் களைச்சிப் போய்...

பஸ்மிலா: கடிதத்தத் தாங்க.

ஸுஹைறா: வாசிக்காமலா ஒப்பம் வெக்கப் போறீங்க?

பஸ்மிலா: வாசிக்க என்ன இரிக்கி... நீங்க இந்த ஒஃபிசுக்கு வந்த முதல் நாளே எனக்கு ஆளத் தெரிஞ்சிட்டு மகள். அண்டைக்கு மேசைக்கு அங்கால இரிந்து எழுதினது நான்தான். 'ஒண்டும் நடக்கல்ல' எண்டு நீங்க சொன்னது பொய் எண்டும் அப்பவே தெரியும்... எனக்கும் நோன்பு. பாங்கு சொல்ல முன்ன ஊட்ட போகணும் எண்டிரிந்திச்சி.