பின்பக்கத்துக் குமிழ்

முந்நூறு டாலருக்கு நல்ல ஸ்பீக்கர் கிடைக்காது என்று இந்த மில்வாக்கியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புதிதாக வாங்கினால் தகரத்தைத் தட்டும் சத்தம். எழுபதுகளில் கனத்த வால்நட் மரப்பெட்டியில் செய்தவை வேண்டுமென்றால், நேற்றுவரை பரணில் தூசி தின்று கிடந்தவற்றுக்கு இன்று இணையத்தில் ஆயிரத்து எண்ணூறு கேட்கிறார்கள். என்னைப் பேராசைக்காரன் என்று நீங்கள் நினைப்பது நேற்று ஸ்டேஷனில் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது, மேடம். பேராசைக்காரன் கடன் வாங்கி ஒரே நாளில் முடித்துவிடுவான். நான் ஆறு வருடம் தேடினேன்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் பெயர் கார்டன் ஸ்டாஷக், கார்டி என்பார்கள். வயது அறுபத்து நான்கு. முப்பத்தோரு வருடம் இரும்புத் தகடு அடிக்கும் பெரிய எந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். கூட வேலை பார்த்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள், நான் வைத்ததில்லை. என் காது அப்படி. பாட்டுக்கு நடுவே ஒரு தந்தி பிசகினாலும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை தோறும், யாராவது இறந்துபோய் வீட்டுச் சாமான்களை விற்கும் இடங்களுக்குப் போவேன். விடியற்காலையிலேயே வாசலில் எண் சீட்டு கொடுப்பார்கள். எனக்குப் பத்தொன்பது வரும். வேனில் வரும் வியாபாரி ஒருவனுக்கு எப்போதும் இரண்டு. நான் உள்ளே நுழையும்போது அவன் ஸ்பீக்கரோடு வெளியே வருவான், எனக்கு 'குட்மார்னிங்' வேறு சொல்வான். இரண்டாம் நாள் எல்லாமே பாதி விலைதான். ஆனால் அன்றைக்கு மிஞ்சுவது பாலாடைக்கட்டி உருக்கும் சட்டிகளும் கிறிஸ்துமஸ் கோப்பைகளும். ஒரே ஒரு முறை ஒரு ஜோடி மாட்டியது. வீட்டுக்கு வந்து முன்துணியை விலக்கினால் உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆறு வருடம் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்றால் மனிதனுக்கு எரிச்சல் வருமா, வராதா?

ஆர்டிஸ் வெண்ட்லாண்டை நான் பார்த்தது போன ஆகஸ்டில். கணவர் வெர்ன் காலமாகி ஒரு வருடம் ஆனபின், அவருடைய கருவிகளைக் கார் ஷெட்டில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். எழுபத்தோரு வயது. பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் பியானோ சுருதி சேர்க்கும் வேலை. பாதி திறந்திருந்த கதவு வழியே பார்த்தால், கூடத்தில் நான் தேடிய அதே ஸ்பீக்கர்கள் நின்றன. தயாரித்தவர்கள் பெயரை எழுத மாட்டேன். பெயர் சொன்னாலே விலை ஏறுகிறது.

"அதுவும் விக்கறதுக்கா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "நீ பாக்கற பார்வைக்கு அந்த மரமே வெடிச்சிரும் போல. அது விக்கறதுக்கு இல்ல தம்பி. என் காது போற அன்னைக்கு வா. முந்நூறு குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போ."

என் கையில் எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அவளாகவே முந்நூறு என்றாள். அவளாகவே நிபந்தனையும் வைத்தாள். இதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வகைப் பெட்டிகளின் முதுகில் இரண்டு சின்னக் குமிழ்கள் உண்டு. ஒன்று நடுத்தர ஒலிக்கு, மற்றது வயலின் கீச்சு மாதிரியான உச்ச ஒலிக்கு. பெட்டி சுவரை ஒட்டி நிற்பதால் வைத்திருப்பவர்களுக்கே அவை மறந்துபோகும். வெர்ன் தொட்டதை அவள் தொடமாட்டாள். பழக்கம் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் வறுத்த மீனும் ரை ரொட்டியும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் தட்டு எடுக்க அடுக்களைக்குப் போவாள். நான் ஒயர்களைத் துடைக்கிறேன் என்று பின்னால் போய், உச்ச ஒலிக் குமிழை ஒரு மயிரிழை குறைப்பேன். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு மயிரிழை. அவசரப்பட்டதே இல்லை.

அக்டோபரில் அவள் கேட்டாள். "கார்டி, இந்த வயலின் என்ன, போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கு?"

"எனக்கு நல்லாத்தானே கேக்குது, ஆர்டிஸ்."

அது பொய் இல்லை, மேடம். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. குமிழை முழுக்கக் குறைத்த பிறகும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நல்ல ஸ்பீக்கரின் தரம் அதுதான்.

நேரில் வாசிக்கும் பியானோ அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்குமே என்று கேட்டீர்கள். கேட்டது. அவளும் அதைத்தான் சொன்னாள். "நாப்பது வருஷப் பழக்கம், விரல் தொட்டதுமே மூளை நிரப்பிக்கும்" என்றேன். அதன்பின் ஒரே தேவாலயத்துக்கு மூன்று முறை திரும்பிப் போய்ச் சுருதி சரிபார்த்தாள். பாதிரியார் சரியாக இருக்கிறது என்றார், அவள் நம்பவில்லை. நவம்பர் கடைசியில் சுருதிச் சாவியைத் தோல் பையில் போட்டு மூடினாள். வாடிக்கையாளர் பட்டியலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள். நன்றி செலுத்தும் நாளன்று வான்கோழியைத் தொடாமல் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் கல் இல்லை. பூசணிப் பணியாரம் வாங்கிப் போயிருந்தேன்.

ஜனவரியில் காது மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். புதன்கிழமை. வேண்டாம், வெயில் காலம் வரட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். அதற்கு முந்தைய சனிக்கிழமை அவளே போன் செய்தாள்.

"நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடு, கார்டி. டாக்டர் சொல்லி அழுதுக்கிட்டே குடுக்கறதுக்கு, இப்பச் சிரிச்சுக்கிட்டே குடுத்துடறேன்."

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தள்ளுவண்டியும் இரண்டு போர்வைகளும் எடுத்துப் போனேன். கண் இமை உறையும் குளிர். அவள் முகம் சிவந்திருந்தது, தலை வலிக்கிறது என்றாள். அந்தக் குளிரிலும் கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள்.

"கீழ ஏதாவது கத்துதா பாரேன்," என்றாள். "நாலு தடவ கீ கீன்னு கத்தி நிக்குது. மறுபடியும் நாலு. காலைலேர்ந்து உயிரை வாங்குது."

நிலவறைப் படியின் தலைமாட்டில் நின்று முழுசாக ஒரு நிமிடம் காது கொடுத்தேன். வீட்டைச் சூடாக்கும் வெப்ப அடுப்பு உறுமுவது மட்டும் கேட்டது.

"ஒரு சத்தமும் இல்ல, ஆர்டிஸ். காது போறப்ப தானா விசில் அடிக்கும்னு சொல்வாங்க. அதுதான்."

அவள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்கிற சத்தம் கேக்கல. இல்லாத சத்தம் கேக்குது. நல்ல கூத்துடா இது," என்றாள். "அப்ப நெசமாவே போயிருச்சு, இல்ல?"

"இந்த வயசுக்கு இது சகஜம்," என்றேன்.

முந்நூறு டாலரையும் மேசைமேல் அவள் கண்ணெதிரே வைத்தேன். வீட்டுச் சூடு வீணாகிறதே என்று ஜன்னலைச் சாத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொண்டுபோன போர்வைகளில் ஒன்றை அவள்மேல் போர்த்தினேன். அதனால்தான் இடதுபக்கப் பெட்டியில் கீறல் விழுந்தது. காரில் வரும்போது எனக்கும் லேசாகத் தலை வலித்தது. பாரம் தூக்கியதால் என்று நினைத்தேன்.

ஆர்டிஸ் இறந்து கிடந்ததை அவள் தங்கை மகள் திங்கட்கிழமை கண்டுபிடித்தாள். அடுப்பின் புகைக்குழாய் கழன்று, மணமில்லாத நச்சுக்காற்று வீடு முழுக்கப் பரவியிருந்ததாம். குழாயை நான் தொடவில்லை, அது உங்களுக்கே தெரியும். குமிழைத் திருப்பியது நான். ஒரு குறையும் இல்லாத காது இருந்தவளைச் செவிடென்று நம்ப வைத்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்று சத்தம் இல்லை என்று சொன்னது உண்மை. அதில் மட்டும் என்னைப் பொய்யன் ஆக்காதீர்கள்.

இன்னொன்று. ஸ்பீக்கர்களை வீட்டில் வைத்துக் குமிழ்களை முழுக்க ஏற்றிக் கேட்டேன். ஆறு வருடம் காத்திருந்ததற்கு ஏமாற்றம்தான். மேலே ஏதோ குறைகிறது. உள்ளே பாகம் பழுதாகியிருக்கும்.

நேற்று நீங்கள் அவள் நிலவறையில் மாட்டியிருந்த, நச்சுக்காற்று பரவினால் கத்தும் அந்த வெள்ளை வட்டப்பெட்டியை என் முன் வைத்துப் பொத்தானை அழுத்தினீர்கள். மூலையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உங்கள் முகமும் சுளித்தது. பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் சத்தம் வரும் வரும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். இதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம்: பேட்டரி செத்துப்போன ஒரு பெட்டியைச் சாட்சியாக வைத்து என் காதைச் சோதிக்க முடியாது.