பசுபதியின் கையெழுத்து

— கதவைச் சாத்து சாந்தா. சாத்துங்கறேன்ல! என்ற ஓட்டை எவனோ போட்டுட்டானாமா.

— என்னங்க சொல்றீங்க? நீங்க ஓட்டுச்சாவடிக்குள்ள போயி அஞ்சு நிமிசங்கூட ஆகலையே.

— ஆகலைதான். பேரைச் சொன்னேன். அந்த வெள்ளைக்காரம்மா மிசினைத் தட்டிப் பாத்துட்டு, “நீங்கதான் ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சே”ங்குது. நான் இன்னும் பேனாவையே தொடலை!

— பேரு மாறியிருக்குமுங்க. உங்க பேரு அவங்க வாயில எங்க நுழையுது?

— இந்த வெஸ்ட் வின்ட்சர்ல, நம்ம வீட்டு நம்பர்ல, எத்தனை பசுபதி இருக்கான்? பொறந்த தேதி என்னுது, அட்ரஸ் என்னுது. ஓட்டு மட்டும் எவனுதோ!

— மெதுவாப் பேசுங்க. வேன் ஜன்னல் தொறந்து கெடக்குது.

— நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? திருடுனவன் பேசட்டும் மெதுவா. ரெண்டு பனிக்காலம், சாந்தா. தோசைக்கல்லை அணைச்சுட்டு நேரா லைப்ரரிக்குப் போயி, பொடுசுக உக்கார்ற நாற்காலியில முட்டி மடங்காம உக்காந்து ஏ பி சி டி எழுதுனேன். எதுக்கு? அமெரிக்கா சிட்டிசன் ஆயி, என்ற பேரை என்ற கையால போட்டு ஒரே ஒரு ஓட்டுப் போடோணும்னுதானே? ஊர்ல இருந்த வரைக்கும் கட்டைவிரல நீட்டுனவன் நானு.

— தெரியுமுங்க. காலையில அந்தச் சட்டைக்கு நாந்தானே இஸ்திரி போட்டேன்.

— அந்தச் சட்டையோடதான் இப்ப பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு வெளிய வர்றேன்.

— வுட்டுருங்க. பின்னாடி சாம்பாரு ஆறிக்கிட்டு இருக்குது. எடிசன்ல விருந்துக்குச் சாப்பாடு சொன்னவங்க ரெண்டு தரம் போன் பண்ணிட்டாங்க. அடுத்த தடவை போட்டுக்கலாம்.

— அடுத்த கவர்னர் எலெக்‌ஷன் நாலு வருசங் கழிச்சு! வுட்டுர்றதாம்ல.

— கவர்னரா?

— பின்ன, பஞ்சாயத்து போர்டா? ஏன், உன்ற மூஞ்சி இப்படிப் போகுது?

— ஒண்ணுமில்லீங்க.

— இரு, அந்தா பிச்சுமணி சார் வர்றாரு. அவருக்கு இன்னிக்கு உள்ள டூட்டி. சார்! சார், நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க!

— பசுபதி, என்ன நீங்க, வெடுக்குனு எழுந்து வந்துட்டேள்? நீங்க போட்ட சத்தத்துல ஃபயர் என்ஜினை எடுக்கறாளோன்னு நினைச்சேன்.

— நான் போடாத ஓட்டு எப்படி சார் விழும்?

— தபால்ல விழுந்திருக்கு. உங்க பேருக்கு ஓட்டுச் சீட்டை வீட்டுக்கே அனுப்பிச்சிருக்கா. யாரோ அதை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, திருப்பி அனுப்பிச்சாச்சு. போன வாரமே வந்து சேந்துடுத்து.

— என்ற கையெழுத்தை எவன் சார் போடுவான்? நானே இப்பத்தான் போடக் கத்துக்கிட்டேன்!

— அதான் விசித்திரம். ரெக்கார்டுல இருக்கற உங்க கையெழுத்தோட ஒத்துப்போனாத்தான் சேத்துப்பா. ஒத்துப்போயிருக்கே! அச்சு அசலா உங்களுதுங்கறா.

— தபால் பெட்டியை உடைச்சு எடுத்திருப்பானுகளோ?

— இருக்கலாம், யார் கண்டா. பாருங்கோ, தனிச் சீட்டுல உங்களை ஓட்டுப் போட விடுவா. ஆனா, “வந்த தபால் ஓட்டு என்னுது இல்லை”ன்னு புகார் குடுக்கணும். கவுன்டி எலெக்‌ஷன் ஆபீஸ்காரா விசாரிப்பா. ஆள் மாட்டினான்னு வைச்சுக்கோங்கோ, தொலைஞ்சான். அடுத்தவன் ஓட்டைப் போடறது கிரிமினல் குத்தம், ஜெயில்! அதுவும் சிட்டிசன் இல்லாதவனா இருந்தா க்ரீன் கார்டைப் பிடுங்கிண்டு ஃப்ளைட் ஏத்திடுவா.

— ஏத்தட்டும் சார்! நல்லா ஏத்தட்டும்!

— ஏனுங்க...

— நீ சும்மா இரு புள்ள. புகார் குடுக்கறேன் சார். எங்க குடுக்கோணும்?

— நான் போய் பெரிய மேடத்துகிட்ட சொல்லி வைக்கறேன். சாந்தாமணி, என்னம்மா, இந்தக் குளிர்ல இப்படி வேர்க்கறது உங்களுக்கு?

— பின்னாடி சாம்பாரு சூடுங்க சார்.

— சரி சரி. எட்டு மணிக்குக் கதவைச் சாத்திடுவா. ரெடியா இருங்கோ, வந்து கூப்பிடறேன்.

— இப்பத்தானே சாந்தா, சாம்பாரு ஆறுதுன்னே?

— ஆறும், சுடும். உங்களுக்கென்ன அதுல?

— ரெக்கார்டுல என்ற கையெழுத்து இருக்குதாம். அதை நான் எப்பக் குடுத்தேன்? போன தீபாவளி மேளாவுலதான் பேரு பதிஞ்சாங்க. நான் கல்லுக்கு முன்னாடி நிக்கறேன். கை பூரா மாவு. தட்டை நீட்டிக்கிட்டு கும்பல் வேற. இதே பிச்சுமணி சார்தான் பேனாவை நீட்டுனாரு. அப்ப... சாந்தா, அந்தப் பேனாவை வாங்குனது யாரு?

— நாந்தானுங்க.

— தபால்ல வந்த சீட்டு?

— அதுவும் நாந்தானுங்க.

— நீயா!

— ஆமாங்க. திட்டறதுன்னா திட்டுங்க.

— என்ன திட்டறது? திருடன் எவன்டான்னு ஊரெல்லாம் கத்திட்டு வந்து வேன்ல ஏறுனா, பக்கத்து சீட்டுல உக்காந்திருக்குது திருடன்!

— எப்பவும் போலத்தானுங்க பண்ணேன். கரண்ட் பில்லு, இன்சூரன்சு, நம்ம பொண்ணு ரோஷினி ஸ்கூல் பேப்பரு... இருபது வருசமா உங்க பேருக்கு வந்ததுக்கெல்லாம் யாரு கையெழுத்துப் போட்டா? அடுப்பு மேடையில கெடந்துச்சு. பிரிச்சேன். கட்டம் கட்டமா இருந்துச்சு. ஒண்ணை அடைச்சேன், உங்க பேரைப் போட்டேன், பெட்டியில சேத்துட்டு வந்து மாவாட்டப் போயிட்டேன்.

— ரெண்டு மாசமா ஓட்டு ஓட்டுன்னு உன்ற காதுல ஓதறனே, அது என்னன்னு நினைச்சே?

— அது பெரிய ஓட்டுன்னு நினைச்சேனுங்க. முதலமைச்சரு மாதிரி யாருக்கோன்னு. வந்த சீட்டுல கவர்னருன்னு போட்டிருந்துச்சு. நம்மூர்ல கவர்னருக்கு யாருங்க ஓட்டுப் போட்டாங்க? டெல்லியில இருந்து அனுப்புவாங்க, சட்டசபையில எழுதிக் குடுத்ததைப் படிச்சுட்டு மாளிகைக்குப் போயிருவாரு. அந்த மாதிரி ஆளுக்கு ஒரு ஓட்டான்னு நெனச்சேன். சும்மா ஒரு ஒப்புக்கு, தபால்லயே முடிச்சுக்கறாங்க போலன்னு.

— அடிப் பாவி, இந்த ஊர்ல கவர்னருதான் முதலமைச்சரு!

— அதை இப்பச் சொல்றீங்க.

— லைப்ரரியில படிச்சதை தெனமும் உன்கிட்டத்தானே ஒப்பிச்சேன்?

— நீங்க ஒப்பிக்கறப்ப நான் வெங்காயம் அரியறேன். மேல ஃபேன் ஓடுது. ஒரு காதுல பாதிதான் வுழுகும்.

— சரி, யாருக்குப் போட்டே? அதையாச்சும் நல்ல விதமாச் சொல்லு. நம்ம ஆளுக்குத்தானே? பார்ட்டி ஹால் கிச்சனுக்குள்ள வந்து, எண்ணெய்க் கைன்னு பாக்காம குலுக்குனாரே, அந்த மனுசனுக்கு?

— இல்லீங்க.

— இல்லையா!

— உங்க கையைக் குலுக்கிட்டு வெளிய வந்தவரு, நீங்க ஊத்திக் குடுத்த தோசையை ஒரு கடி கடிச்சுட்டுக் குப்பையில போட்டாருங்க. தட்டெடுத்துக்கிட்டு நின்னவ நானு. சீட்டுல அந்தப் பேரைப் பாத்ததும் கை தானா அடுத்த கட்டத்துக்குப் போயிருச்சு.

— அடுத்த கட்டத்துல?

— கவர்னரு ஒருத்தரு, துணைக் கவர்னரு ஒருத்தரு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கட்டம். தனித்தனியாப் பிரிச்சுப் போட வழியில்லை. நோட்டீசுல பாத்தேன், துணைக்கு நிக்கற அந்தம்மா உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்த ஃபெபி டீச்சராட்டவே இருந்துச்சு.

— ஒரு தோசைக்கும் ஒரு மூஞ்சிக்குமா என்ற ஓட்டைப் போட்டே?

— நீங்க ஒரு கைகுலுக்கலுக்குப் போடப் போனீங்க.

— லொள்ளா? இந்த நேரத்துல லொள்ளு பேசிச் சிரிக்கறியா?

— சிரிக்கலீங்க. நல்லாப் பாருங்க, அழுகறேன். ஏனுங்க, அவரு சொன்னது நெசமா? ஃப்ளைட்டு ஏத்திருவாங்களா?

— கண்ணைத் தொடை.

— எனக்கு மார்ச்சுல சிட்டிசன் இன்டர்வியூங்க. “இந்த நாட்டுல எப்பவாச்சும் ஓட்டுப் போட்டிருக்கியா”ன்னு கேப்பாங்களாம். இல்லைன்னு தைரியமாச் சொல்லோணும்னு ரோஷினி பழக்கி வுட்டிருக்கா. அவளுக்குத் தையில பிரசவம். அந்தத் தூரத்து ஆலன் ஊர்ல யாரு இருக்காங்க அவளுக்கு? என்னை அனுப்பிட்டாங்கன்னா குழந்தையை யாருங்க கையில வாங்குவா?

— தொடைங்கறேன்ல. அவரு பாத்தாருன்னா?

— உள்ள போயி நெசத்தைச் சொல்லிருவமா? தெரியாமப் பண்ணிட்டேன்னு.

— தெரியாமப் பண்ணேன்னு நீ என்கிட்டச் சொல்லலாம். மிசினுகிட்டச் சொல்ல முடியுமா?

— அப்பப் புகார் குடுங்க. என்ன ஆனாலும் ஆகட்டும். ரெண்டு வருசமா ஆர்டர் சீட்டுக்குப் பின்னாடியெல்லாம் பேரை எழுதி எழுதிப் பாத்தீங்களே, உங்க ஓட்டு உங்களுக்கு வேணுமில்ல?

— கொஞ்சம் பேசாம இரு. யோசிக்க வுடு.

— மணியாகுதுங்க.

— தெரியும்!

— அவரு கதவைத் தொறந்துக்கிட்டு வர்றாருங்க.

— தெரியும்ங்கறேன்ல!

— என்ன பசுபதி, வாங்கோ. மேடம் கவுன்டிக்குப் போன் போடறதுக்குக் கையில போனை வச்சுண்டு நிக்கறா.

— சார்...

— சொல்லுங்கோ, குளிர்றது.

— நான்தான் சார் போட்டேன்.

— எதை?

— தபால் ஓட்டை. நானே நெரப்பி, நானே கையெழுத்துப் போட்டு, நானே பெட்டியில சேத்தேன். மறந்துட்டேன்.

— மறந்துட்டேளா! இப்பத்தானே அந்தக் குதி குதிச்சேள்?

— அடுப்பு வேக்காட்டுல நிக்கறவன் சார். மூளை வெந்து போச்சு.

— அப்போ அந்தத் திருடன்?

— நான்தான் சார்.

— நல்ல கூத்து! யாருக்குப் போட்டேள்ங்கறதாவது ஞாபகம் இருக்கா? சொல்லாதேங்கோ, சொல்லப்படாது. நானும் கேக்கப்படாது.

— நல்லா ஞாபகம் இருக்குது சார். தோசையைக் குப்பையில போடாத ஆளுக்கு.

— என்னது?

— ஒண்ணுமில்லைங்க சார்.

— சரி, நீங்க போட்ட சத்தத்துல மேடம் புகார்னு குறிச்சு வச்சுட்டா. உள்ள வந்து, “தபால் ஓட்டு என்னுதுதான்”னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கோ. ரெக்கார்டுல இருக்கறதோட ஒத்துப் பாத்துட்டு விஷயத்தை மூடிடுவா. சீக்கிரம், கதவைச் சாத்தப் போறா.

— நீங்க முன்னாடி போங்க சார். வேனைப் பூட்டிட்டு வந்தர்றேன்.

— ஏனுங்க, என்ன காரியம் பண்ணீங்க! உங்க ஓட்டு...

— அவரு போயிட்டாரா?

— போயிட்டாருங்க. ஆனா ஒத்துப் பாப்பாங்களாமே! நீங்க கத்துக்கிட்ட கையெழுத்தைப் போட்டா மாட்டிக்குவமுங்க!

— அதான் நேரமில்லைங்கறேன். அந்த ஆர்டர் சீட்டைத் திருப்பு, பேனாவை எடு. என்ற பேரை நீ எப்படிப் போடுவே? எனக்குச் சொல்லிக்குடு.